ஒரு படம் எடுக்க என்ன?

லெத்பிரிட்ஜ், அல்பேர்ட்டா, கனடா

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. எல்லாவற்றையும் பொதுவில் வைத்து, கொலனி என்ற பண்ணைக் குடியிருப்புகளில் வாழும் கிறிஸ்தவர்களான ஹட்டரைட் ஆட்களின் ஓட்டுநர் லைசென்ஸ் வழக்கை வகுப்பில் படித்ததாகச் சொன்னாய். "லைசென்சுக்கு ஒரு படம் எடுக்க என்னப்பா? அதுக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போவினமா?" என்றாய். அம்மா சாப்பிடக் கூப்பிட, போனை வைத்துவிட்டேன். நாலு நாளாக வண்டி ஓடும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில். பதினொரு வருசமாக ஒருநாள் விட்டு ஒருநாள் அவர்களுடைய கொலனிகளில் பால் ஏற்றுகிறவன் நான். எனக்குத் தெரிந்ததை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு கையுறைக் கதை சொல்கிறேன். நான் போகத் தொடங்கி மூன்றாம் வருசம், நத்தாருக்கு, ஒரு கொலனியில் மாடுகளைப் பார்க்கிறவருக்கு நல்ல தோல் கையுறை ஒரு சோடி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது அவர் கையில் இல்லை. பால் தாங்கி கழுவுகிற பெடியன் போட்டிருந்தான். என் முகம் மாறியதை அவர் கண்டுவிட்டார். "அவனுடையது கிழிந்துபோச்சு, என்னுடைய பழசு இன்னும் தாங்கும்" என்றார். வருத்தம் தெரிவிக்கிற குரலே இல்லை. நான் கொடுத்தது தனக்கு என்று அவர் நினைக்கவே இல்லை. கொலனிக்கு ஒரு சோடி கையுறை வந்தது, தேவையான கைக்குப் போனது, அவ்வளவுதான்.

அன்று திரும்பி வரும்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. உன் பூட்டனும் அவருடைய தம்பியும் ஒரு முழ அகல எல்லைக்காக எத்தனை வருசம் பேசாமல் இருந்தார்கள் தெரியுமா? இரவில் கதியாலைப் பிடுங்கி அடுத்த பக்கம் நடுவது, விடிய மற்றவர் அதைப் பிடுங்குவது, பிறகு கோர்ட். கிணற்றில் பங்கு, பனையில் பங்கு, பாதையில் பங்கு. நான் அதற்குள் வளர்ந்தவன். அதனால்தான் அந்தக் கையுறையை என்னால் மறக்க முடியவில்லை.

இது இவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். 1528-இல் மொராவியாவில், இன்றைய செக் நாட்டில், இருநூறு பேரளவில் அகதிகளாக ஊரைவிட்டு நடந்தார்கள். வழியில் ஒரு போர்வையை நிலத்தில் விரித்து, ஒவ்வொருவரும் தன்னிடம் இருந்ததை அதில் வைத்தார்கள். ஆதித் திருச்சபையில் விசுவாசிகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறதே, அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் அதைக் கோயிலில் வாசிக்கக் கேட்டுத்தான் இருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டினோம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம், ஆயுதம் தூக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். வளர்ந்த பிறகு திரும்ப ஞானஸ்நானம் பெறுவது அந்த நாளில் மரண தண்டனைக் குற்றம். இவர்களை ஒழுங்குபடுத்திய யாக்கோப் ஹட்டரை 1536-இல் இன்ஸ்புருக் நகரில் உயிரோடு எரித்தார்கள். அவர் பெயர்தான் இவர்களுக்கு நிலைத்தது. பிறகு மொராவியாவிலிருந்து துரத்தப்பட்டு, டிரான்சில்வேனியா, உக்ரைன் என்று அலைந்து, 1874-இல் அமெரிக்காவின் டக்கோட்டாவுக்கு வந்து சேர்ந்தார்கள். மூட்டை கட்டுவதை நாங்கள் 1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது ஒரே இரவில் பழகினோம். இவர்கள் நாலு நூற்றாண்டாகப் பழகியிருக்கிறார்கள்.

இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாயானால், ஒரு கொலனியில் ஏறத்தாழ நூறு பேர், கொஞ்சம் கூடக் குறைய. வீடு, உழவு இயந்திரம், வான் எல்லாம் கொலனியுடையது. சம்பளம் இல்லை, கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். துணி கூட ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்து, வீட்டில் தைத்துக்கொள்வார்கள். இயந்திரத்துக்கு இவர்கள் எதிரி இல்லை. மாட்டுத் தொழுவத்தில் உள்ள கணினியை இயக்க எனக்கே தெரியாது. ஆனால் தொலைக்காட்சி கூடாது.

ஒருநாள் பனிப்புயலில் வீதியை மூடிவிட்டார்கள். மத்தியானம் அங்கேயே சாப்பிட வைத்தார்கள். மணி அடித்ததும் எல்லாரும் ஒரே கூடத்துக்கு வந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், வயதுப்படி வரிசை. பதினைந்து வயது வரை பிள்ளைகளுக்கு வேறு அறை. செபம் சொன்னார்கள், சாப்பிட்டார்கள். கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கால் மணித்தியாலத்தில் திரும்பவும் செபம், எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான் பாதிக் கோழியில் இருந்தேன். எதிரில் இருந்த கிழவர் எழும்பாமல், நான் முடிக்கும் வரை தன் வெறும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். விருந்தாளி தனியே சாப்பிடக் கூடாது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. இருந்தார், அவ்வளவுதான்.

பின்னேரம் பள்ளிக்கூட அறையில் வழிபாடு. படம், மெழுகுவர்த்தி ஒன்றும் இல்லை. பிரசங்கியார் தன் சொந்தப் பிரசங்கம் செய்வதில்லை. முன்னூறு வருசத்துக்கு மேல் பழமையான ஜெர்மன் பிரசங்கங்களைத்தான் வாசிக்கிறார். பாட்டை ஒரு வரி அவர் சொல்ல, மற்றவர்கள் அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பாடுகிறார்கள். பிரசங்கியாரையே சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். வாக்குப் பெற்றவர்களின் பெயரில் சீட்டு எழுதி ஒன்றை எடுப்பது. கடைசித் தெரிவு கடவுளுடையது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆட்கள் பெருகி கொலனி இரண்டாகப் பிரியும்போதும் சீட்டுத்தான். பல கொலனிகளில் எல்லாக் குடும்பமும் சாமான் கட்டி வைத்துவிடும். எந்தப் பாதி போவது, எந்தப் பாதி இருப்பது என்று அதற்குப் பிறகுதான் தெரியும். புதுக் கொலனிதானே நல்லது என்று யாரும் முந்த முடியாது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சொல் இருக்கிறது, கெலாசன்ஹைட் என்பார்கள். தன்னை விட்டுக்கொடுத்து அமைதியாக இருப்பது என்று எனக்கு விளங்கியது. நீ கேட்ட படத்துக்குப் பதிலும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாதொரு சொரூபத்தையும் உண்டாக்காதே என்ற கட்டளையை அவர்களில் ஒரு பகுதியினர் படம் எடுப்பதற்கும் பொருத்துகிறார்கள். தன் முகத்தைத் தானே பார்த்து மயங்கினால் "நான்" முளைக்கும், "நான்" முளைத்தால் "என்னுடையது" முளைக்கும், அதோடு அந்தப் போர்வையில் வைத்ததெல்லாம் திரும்ப எடுக்கப்பட்டுவிடும். எல்லாரும் அப்படி இல்லை, படம் எடுத்துக்கொள்ளும் கொலனிகளும் உண்டு. ஆனால் இங்கே எங்களுக்குப் பக்கத்திலுள்ள வில்சன் கொலனி ஆட்கள் முடியாது என்றார்கள். அதற்கு முன் படம் இல்லாத லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த மாகாணம், 2003-இல் எல்லாருக்கும் படம் கட்டாயம் என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்று கொலனிக்கு எதிராகத் தீர்த்தது. வெளியாளைச் சம்பளத்துக்கு வைத்து வாகனம் ஓட்டலாமே என்பது பெரும்பான்மையின் எண்ணம். மகளே, எனக்கு மனம் ஒத்துக்கொள்ளாதது அந்த இடம்தான். தங்கள் கையாலேயே எல்லாம் செய்து வாழ்வதுதான் அவர்களின் வேதம். மருத்துவரிடம் போகவும் வெளியாளை எதிர்பார்த்து நில் என்பது அவர்களுக்குச் சின்ன இடைஞ்சல் இல்லை.

அவர்களிடம் குறை இல்லை என்று நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய், நம்பவும் கூடாது. கொலனிக் காரியங்களில் ஞானஸ்நானம் பெற்ற ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு. கல்யாணம் முடித்தால் பெண்தான் புருசனுடைய கொலனிக்குப் போக வேண்டும். உன்னை வளர்த்தவனுக்கு இது சரியாகப் படவில்லை. விட்டுப் போகிறவர் வெறுங்கையோடு போகிறார். மனிடோபாவில் வெளியேற்றப்பட்டவர்கள் பங்கு கேட்டு வழக்குப் போட்டு 1970-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள், அதையும் தேடிப் படி. நாற்பது வருசம் உழைத்தவன் ஒரு பெட்டியோடு வாசலில் நிற்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

ஆனால் பிடிவாதம் என்று மட்டும் சொல்லாதே. 1918-இல் டக்கோட்டாவிலிருந்து இராணுவத்துக்குப் பிடித்துப் போன ஹோஃபர் சகோதரர்கள் சீருடை போட மறுத்தார்கள். அல்கட்ராஸ் சிறையில் குளிரில் உள்ளுடையோடு வைத்தார்கள். பிறகு லெவன்வொர்த் சிறைக்குக் கொண்டுபோனார்கள். யோசேப், மைக்கேல் என்ற இருவர் அங்கே செத்துப்போனார்கள். யோசேப்பின் மனைவி பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, உயிரோடு போட மறுத்த அந்தச் சீருடையைப் பிணத்துக்குப் போட்டிருந்தார்கள். அந்த வருசம்தான் பெரும்பாலான கொலனிகள் கனடாவுக்குக் கிளம்பின. இங்கே அல்பேர்ட்டாவிலும் கொலனி காணி வாங்குவதை மட்டுப்படுத்த ஒரு சட்டம் 1947 முதல் 1973 வரை இருந்தது.

இன்னொன்று. என் வண்டியில் வெயில் மறைப்புக்குள் அப்பம்மாவின் படம் செருகியிருக்கிறது, நீ கண்டிருப்பாய். வீட்டைவிட்டு ஓடியபோது மிஞ்சிய ஒரே படம். மாடு பார்க்கிறவர் ஒருநாள் சிலிப்பில் கையெழுத்து வைக்க வந்து, அதைக் கண்டு யார் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் அம்மாவுக்குப் படம் இல்லை" என்றார். பிறகு தன் வலக்கையை விரித்துக் காட்டினார். "இந்த விரல் அவருடையது. என் தங்கச்சியின் நடை அவருடையது." அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பால் மாதிரிப் போத்தலைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அங்கே பெண்கள் வாத்து இறகில் செய்கிற தலையணை ஒன்று உனக்கு வாங்கித் தபாலில் போட்டிருக்கிறேன். வந்ததும் ஒருநாள் வெயிலில் போடு. ஓகஸ்டில் வரும்போது, பெரும்பான்மைக்கு எதிராக எழுதிய அந்த மூன்று நீதிபதிகளின் தீர்ப்பைக் கொண்டு வா. எனக்கு அந்த ஆங்கிலம் கடினம், பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லு.

அம்மா உனக்குக் கறித்தூள் இடித்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா