மேசை ஸ்பீக்கர் இணையில் இடப்பக்க ஒலிக் குறைவு: வாரண்டியில் சரிசெய்து தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
இணைப்பிலுள்ள பில்லில் கண்ட பெயரும் முகவரியும் உடைய வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஸ்பீக்கர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: வால்யூம் குமிழைத் தணித்து வைக்கும்போது இரு பெட்டிகளின் ஒலி அளவு வேறுபடுவது, ‘குறை இல்லை’ என்ற சர்வீஸ் சென்டர் அறிக்கையை மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத் தயாரிப்பான, ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய மேசை ஸ்பீக்கர் இணை ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். வாரண்டிக் காலம் இன்னும் முடியவில்லை. குமிழைக் கால்வாசிக்கும் கீழே வைத்துக் கேட்கும்போது இடப்பெட்டியின் ஒலி வலப்பெட்டியைவிடத் தெளிவாகக் குறைந்து வருகிறது. இதைச் சரிசெய்யக் கொடுத்தபோது, தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ‘பரிசோதித்ததில் குறை ஏதும் இல்லை’ என்று ஜாப் ஷீட்டில் (பழுதுப் பணி விவரத் தாளில்) எழுதி, பரிசோதனைக் கட்டணமும் பெற்றுக்கொண்டு பெட்டிகளைத் திருப்பித் தந்துவிட்டது. அந்த முடிவு ஏன் தவறானது என்பதை விளக்கவே இக்கடிதம்.

நான் வீட்டிலிருந்தபடி ஒலிப்புத்தகப் பதிவுகளைத் திருத்தும் வேலை செய்கிறேன். பெரும்பாலும் வீட்டார் உறங்கிய பிறகு, குமிழைக் கடிகாரத்தில் 8, 9 மணி இருக்கும் அளவுக்கு மட்டும் திருப்பி வைத்துத்தான் கேட்பது வழக்கம். ஒற்றைக் குரலில் வாசிக்கும் பதிவு இரு பெட்டிகளுக்கும் நட்டநடுவிலிருந்து வருவதுபோலக் கேட்க வேண்டும். இந்த இணையிலோ குரல் வலப்பக்கம் ஒதுங்கி, திரையின் ஓரத்தைத் தாண்டி நிற்கிறது. குமிழை நடுவரை உயர்த்தினால் குரல் தானாக நடுவுக்கு வந்துவிடுகிறது. குறையின் முழு அடையாளமும் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது; சர்வீஸ் சென்டர் கவனிக்கத் தவறியதும் இதையே.

குறையைத் தங்கள் பெட்டியின்மீது சுமத்துவதற்கு முன், வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். கணினியின் ஒலி அமைப்பில் இடது, வலது அளவுகள் இரண்டும் சமமாகவே உள்ளன. பெட்டிகளின் பின்புறத்தில், கணினியிலிருந்து வரும் கேபிளின் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ முனைகளை (இடது, வலது ஒலிக்கான செருகிகளை) ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகிப் பார்த்தேன். கோளாறு கணினியிலோ கேபிளிலோ இருந்திருந்தால் ஒலிக் குறைவு வலப்பெட்டிக்கு மாறியிருக்க வேண்டும். அது இடப்பெட்டியிலேயே நின்றது. சுவரும் மூலையும் ஒலியைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், பெட்டிகளையே மேசையில் இடம் மாற்றி வைத்தும் பார்த்தேன். ஒலிக் குறைவு பெட்டியோடு சேர்ந்தே நகர்ந்தது.

வலப்பெட்டியிலிருந்து இடப்பெட்டிக்குச் செல்லும் ஒயர்தான் காரணமாக இருக்கும் என்று தங்கள் உதவி மையத்தில் சொன்னார்கள். முனைகளைப் புதிதாகச் சீவி முறுக்கி இறுக்கியும் மாற்றம் இல்லை. அந்த ஒயர் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி; இந்த நீளத்தில் அதன் மின்தடையால் ஏற்படக்கூடிய இழப்பு காதுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வராது.

குறை எங்கே இருக்கிறது என்பதை ஐயமின்றிக் காட்டியது வலப்பெட்டியின் முகப்பில் உள்ள ஹெட்போன் துளை. அதில் ஹெட்போனைச் செருகியதும் இரு பெட்டிகளும் அடங்கிவிடுகின்றன. குமிழைத் திருப்பினால் ஹெட்போனின் ஒலி கூடவும் குறையவும் செய்கிறது. ஆகவே அங்கே வருவது குமிழைக் கடந்துவந்த ஒலி. இடப்பெட்டிக்கும் அதன் ஒயருக்கும் அதில் வேலையே இல்லை. அப்படியிருந்தும் ஹெட்போனிலும் இடப்பக்கம் அதே அளவுக்குக் குறைகிறது. என் காதுதான் காரணமோ என்று யாரும் கேட்காதிருக்க, ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணிந்தும் கேட்டேன். ஒலிக் குறைவு மறு காதுக்கு மாறியது.

பிறகு 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை இரு பக்கமும் சமமாக அனுப்பி, அதே துளையில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்தேன். சாதாரண மல்டிமீட்டர்கள் உயர் அதிர்வெண்களில் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால்தான் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணையே தேர்ந்தெடுத்தேன். குமிழ் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது இடப்பக்கம் 21 மில்லிவோல்ட், வலப்பக்கம் 30 மில்லிவோல்ட். அதாவது, ஒலி அளவை ஒப்பிடும் அலகான டெசிபலில் சொன்னால், 3 டெசிபலுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு. குமிழ் நடுவில் இருக்கும்போது 402, 410 மில்லிவோல்ட், வேறுபாடு 0.2 டெசிபலுக்கும் குறைவு, காதுக்குத் தெரியாத அளவு. 3 டெசிபல் என்பது ஏறக்குறைய இரு மடங்கு திறன் வேறுபாடு. ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இருந்தால், குமிழ் எங்கே இருந்தாலும் இந்த டெசிபல் வேறுபாடு மாறாமல் இருந்திருக்கும். குமிழின் நிலையைப் பொறுத்து அது தோன்றி மறைவதால், கோளாறு குமிழின் பின்னால் உள்ள இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டரில்தான் (குமிழைத் திருப்பும்போது மின்தடையை மாற்றி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தில்தான்) இருக்க முடியும்.

இந்த வகை உதிரிப் பாகத்தின் இயல்பு தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. ஒரே தண்டில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு கார்பன் தடங்கள் உள்ளன. இரண்டும் எல்லா நிலையிலும் ஒத்துப்போக வேண்டும். குமிழ் தாழ்ந்திருக்கும்போது ஒலியைத் தீர்மானிக்கும் மின்தடை மிகச் சிறியது. ஒரு தடத்தில் 100 ஓமும் மற்றொன்றில் 150 ஓமும் இருந்தால், அந்த 50 ஓம் வேறுபாடே 3.5 டெசிபலாகிவிடும், அதே 50 ஓம், 5,000 ஓம் உள்ள இடத்தில் பொருட்டே அல்ல. விலை குறைந்த பாகங்களில் இந்த ஒழுங்கின்மை சிறிதளவு இருப்பது இயற்கைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாழ்ந்த ஒலியில் கேட்பதற்கென்றே மேசைமீது, முகத்துக்கு நேரே வைக்கப்படும் ஸ்பீக்கரில், பயன்படும் நிலையிலேயே 3 டெசிபல் பிசகும் பாகத்தைத் தரப் பரிசோதனை எப்படி விட்டுவைத்தது என்பது எனக்கு விளங்கவில்லை. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு எதுவும் கேட்கவில்லை என்பதால் தூசி படிந்த கோளாறாகவும் தோன்றவில்லை.

இனி, சர்வீஸ் சென்டரில் நடந்த பரிசோதனை. முன்கூடத்தின் மேசையில் பெட்டிகளை வைத்து, தொழில்நுட்பப் பணியாளர் தம் கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாகத் திரைப்பாடல் ஒன்றை ஓடவிட்டார். குமிழ் நடுவைத் தாண்டியிருந்தது. தலைக்குமேல் மின்விசிறி, வாசலில் பேருந்துகளின் ஹாரன். “ரெண்டும் நல்லாத்தானே சார் பாடுது?” என்றார். அந்த நிலையில் இரண்டும் நன்றாகத்தான் பாடும் என்பதை விளக்கி, குமிழைத் தணிக்கச் சொன்னேன். தணித்தார், ஆனால் அந்த இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அளக்கும் கருவியோ அமைதியான அறையோ அவருக்குத் தரப்படவில்லை. என் அளவீட்டுத் தாளை அவர் வாங்கிப் படித்தார். ஜாப் ஷீட்டில் மட்டும் அதுபற்றி ஒரு வரியும் இல்லை.

குமிழை உயர்த்தி வைத்துக் கணினியில் ஒலியைக் குறைத்துக்கொள்ளுமாறு உதவி மையம் கூறும் யோசனையை, தற்காலிகமாக நானும் பின்பற்றியே வருகிறேன். ஆனால் அப்படி வைத்தால் கணினியிலிருந்து வரும் மெல்லிய இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. கணினியின் அளவு எதிர்பாராமல் உயர்ந்துவிட்டால் நள்ளிரவில் வீடே அதிர்கிறது. குமிழின் கீழ்ப்பகுதியைத் தொடாமல் பயன்படுத்துங்கள் என்று தங்கள் கையேட்டில் எங்கும் எழுதப்படவில்லை.

எனவே, இந்த இணையை அமைதியான இடத்தில், குமிழைத் தாழ்ந்த நிலையில் வைத்து, இரு பக்க அளவுகளையும் அளந்து, அந்த எண்களை ஜாப் ஷீட்டில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொட்டென்ஷியோமீட்டரையோ அது பொருந்திய போர்டையோ வாரண்டியின்கீழ்க் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும்; இயலாவிடில் இணையையே மாற்றித் தர வேண்டும். ஏற்கெனவே பெற்ற பரிசோதனைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். இரு பக்க ஒலி எந்த அளவுவரை வேறுபடலாம் என்று தங்கள் நிறுவனம் வரம்பு வகுத்திருந்தால், அதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிட நேரிடும். பொருளை ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதால், அளவீடு எப்படியும் நடக்கத்தான் போகிறது. அதைத் தங்கள் நிறுவனமே முதலில் செய்வது இருவருக்கும் நல்லது. பெட்டிகளின் வாரண்டி முத்திரை பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. பில், ஜாப் ஷீட் ஆகியவற்றின் நகல்களையும் அளவீட்டுத் தாளையும் இணைத்துள்ளேன்.

ஆள் அனுப்பி எடுத்துச் செல்வதாயின், இரு பெட்டிகளையும் எடுத்துச் செல்லுமாறு தயவுசெய்து அறிவுறுத்துங்கள். ‘சத்தம் குறைவாக வரும் பெட்டியை மட்டும் கொடுங்கள்’ என்று உதவி மையத்தில் ஏற்கெனவே ஒருமுறை கூறினார்கள். மாற்ற வேண்டிய பாகமோ நன்றாக ஒலிக்கும் வலப்பெட்டிக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்