கிழித்த ஆல்பத்தை வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய போர்க்காலப் போட்டோக்களையும் சித்திரங்களையும் ஏலத்தில் எடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலீடு, விலை ஏற்றம் எல்லாம் சரி, ஆனால் தனித்தாளாக வாங்கினால் மலிவாக முடியும் என்று சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. தனித்தாள் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் யாரோ ஒரு வியாபாரி முழு ஆல்பத்தைப் பிரித்து, நாலு மடங்கு காசுக்குத் தாள் தாளாக விற்பதால்தான் வருகிறது.

அந்தக் கால போட்டோவில் ஒரே கண்ணாடி நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம், ஆக பிரிண்ட் ஒன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று அல்ல. ஆல்பம் அப்படியில்லை. எதற்குப் பக்கத்தில் எதை ஒட்டினார்கள், அடியில் பென்சிலில் என்ன எழுதினார்கள், சொந்தக்காரர் எந்தப் பட்டாளம், இதெல்லாம் அந்த ஒரு ஆல்பத்தோடு போயே போய்விடும்.

போர்ப் படத்துக்கு இது ரொம்ப முக்கியம். ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டின் ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் என்பதால் சண்டை நடக்கும்போது எடுக்க வழியில்லை, முன்னும் பின்னும்தான் எடுத்தார்கள். 1855ல் கிரிமியப் போரைப் படமெடுக்கப் போன ஆங்கிலேயர் ரோஜர் ஃபென்டன் 350க்கும் மேல் எடுத்தார், செத்துக் கிடப்பவர் ஒருவரையும் காட்டவில்லை. 1857 கிளர்ச்சியில் சண்டை நடந்த லக்னோ சிக்கந்தர் பாக்கில் 1858ல் பெலிஸ் பியாட்டோ என்ற போட்டோக்காரர் எடுத்ததில் எலும்புகள் சிதறிக் கிடக்கும், ஆனால் சண்டை முந்தின நவம்பரில் முடிந்துவிட்டது. எலும்புகளைப் படத்துக்காகவே வெளியே எடுத்துப் போட்டதாக ஓர் ஆங்கில அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். தாளை மட்டும் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நாங்களும் மதராஸ் மாகாணம்தான், 1911ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காடு. 1885 பர்மா சண்டைக்கு மதராஸ் பட்டாளமும் போனது. அதைப் படமெடுத்த ஹூப்பரும் மதராஸ் குதிரைப்படை அதிகாரிதான். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) எலும்பும் தோலுமான நம் ஜனங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த அதே ஆள், மாண்டலேயில் மரண தண்டனைக் கைதிகளைச் சுடும் நொடிக்காக கேமராவோடு காத்திருந்தார் என்று புகார் கிளம்பி விசாரணை வரை போனது. பஞ்சப் படம் ஒருவரிடமும் பர்மா படம் இன்னொருவரிடமும் போய்விட்டால் இந்த மனிதரை யார் சேர்த்துப் பார்ப்பது?

ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையைத் தோற்கடித்த புள்ளலூர் சண்டையின் சித்திரம் 2022ல் லண்டன் சோத்பீஸ் ஏலக்கூடத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனதே, அதில் கும்பினிப் படைத்தலைவர் கர்னல் பெய்லி பல்லக்கில், வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, பெரிய தாள்களைச் சேர்த்து 30 அடிக்கும் மேல் நீளம். சண்டை 1780, படம் 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. அதை அறுத்து யானை ஒருவருக்கு, பல்லக்கு ஒருவருக்கு என்று விற்றிருந்தால் நாம் சும்மா இருப்போமா? (சண்டைக்கு முன் பெய்லியைப் பல நாள் அக்கரையிலேயே நிறுத்திவைத்தது கொசஸ்தலை வெள்ளம், எங்கள் நகரி ஆறு போய்ச் சேரும் ஆறு. இங்கே அதைச் சொன்னால் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம்.)

முதலீட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏலத்தில் கேட்ட விலையோடு முடியாது, ஏலக்கூடம் வாங்குபவரிடம் வாங்கும் பிரீமியம் என்ற கமிஷன், வெளிநாடானால் சுங்கம் எல்லாம் மேலே ஏறும். 100 வருஷம் தாண்டிய ஓவியத்தைத் தனிநபர் இங்கிருந்து வெளியே அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. பழைய லண்டன் வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படப் பக்கத்துக்கு நேற்று வண்ணம் பூசிவிட்டு அந்தக் காலத்து வண்ணம் என்பார்கள், நம்ப வேண்டாம். தாள் புற ஊதா விளக்கில் பளிச்சென்று நீலமாக மின்னினால் அது பெரும்பாலும் 1950க்குப் பிந்தைய தாள்.

ஏற்கனவே தனித்தாள் வைத்திருப்பவர்கள் அட்டையிலிருந்து உரிக்காதீர்கள், பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். இனி வாங்குபவர்கள் தனியாக முடியாவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து முழு ஆல்பமாக எடுங்கள். யார் வீட்டில் வைப்பது என்ற சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாசகர்,
நகரி, ஆந்திரா.