செயலாளர் ஆண்டறிக்கை: பழைய டர்போ கார் நண்பர்கள், சுங்கை சிப்புட்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. ஆள் போதாமல் இரண்டு கூட்டங்களைத் தள்ளிவைத்தோம். தைப்பூசத்திற்கு ஈப்போவில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தமிழ்ப்பள்ளித் துப்புரவுப் பணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். தீபாவளி உபசரிப்பு நன்றாக நடந்தது.

இனி சங்கக் கார். ஒரு வருடமாக கார் நிற்கும் கொட்டகையில் என்னதான் நடக்கிறது என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நாம் பணம் சேர்த்து வாங்கியது நிசான் 180எஸ்எக்ஸ், டர்போ பூட்டிய ஜப்பான் கார். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி. 1989இல் வந்த முதல் வண்டிகளில் 1.8 லிட்டர் சிஏ18டிஇடி எஞ்சின், 175 குதிரைத்திறன். 1991இலிருந்து 2 லிட்டர் எஸ்ஆர்20டிஇடி, 205 குதிரைத்திறன். நம்முடையது இரண்டாவது வகை. ஆலையில் வைத்த பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறக்குறைய 7 பிஎஸ்ஐதான். பெரிய டர்போ போடலாம், பூஸ்டை இரட்டிப்பாக்கலாம் என்று முதல் கூட்டத்திலேயே பலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 30 வயது தாண்டிய ரப்பர் குழாய்களை நம்பி யாரும் பூஸ்ட் ஏற்றக்கூடாது.

முதல் வேலையாக நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரெசரால் மெதுவாகக் காற்றுவிட்டு, குழாய் முட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினோம். டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குப் போகும் குழாயின் கிளிப்புக்கு அடியில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு. இந்த எஞ்சினில் உள்ளே போகும் காற்றை ஒரு மீட்டர் அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை எஞ்சின் கணினியான ஈசியூ கொடுக்கிறது. அளந்த காற்று வழியிலேயே கசிந்தால் பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும். அந்தப் புகையைப் பார்த்து மூன்று மாதமாக டர்போ போய்விட்டது என்று நாம் பேசிக்கொண்டிருந்தது அந்த ஒரு குழாய்க்காகத்தான். குழாய்களை எல்லாம் சிலிகோனில் மாற்றினோம்.

அடுத்தது சூடு. இந்த வண்டியின் இண்டர்கூலர் சிறியது, பம்பரின் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது போதாது. அதை எடுத்துவிட்டு முன்பக்கம் முழுவதும் காற்று படும் இண்டர்கூலரையும் அலுமினியம் ரேடியேட்டரையும் போட்டோம். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்பு மாட்டினோம். பெட்ரோலைப் பீய்ச்சும் 370 சிசி இஞ்செக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, நான்கும் ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்று பார்த்தோம். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் எரிகின்றனவா என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் ஏறியது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பூஸ்டைத் தொட்டேன். இப்போது 11 பிஎஸ்ஐ, பெட்ரோல் உயர்ந்த ரகமான ரோன் 97 மட்டும். செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். விடாமல் நான்கு சுற்று ஓட்டியும் சூட்டு முள் நடுவை விட்டு அசையவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

பொறுமையில்லாத நம் உறுப்பினர் ஒருவர் தன் சொந்த வண்டியை ஒரு பட்டறையில் விட்டார். பெயர் வேண்டாம். பெட்ரோல் பக்கத்தைத் தொடாமல் பூஸ்டை மட்டும் ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடித்து எஞ்சின் தட்டி, பிஸ்டன் உடைந்தது. அந்தப் பிஸ்டன் இன்று மேசையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஹாஃப் கட், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின், எஞ்சின் மலிவு என்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதிக்கும் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கும் யாராவது அலைய வேண்டும். நம் வண்டியில் எஞ்சின் எண் கிரானில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ளபடியே இருக்கிறது.

மனசில் இருப்பதையும் சொல்ல வேண்டும். பதிவில் 31 பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்கு வந்தது தலைவர், நான், பக்கத்து லயத்துப் பையன்கள் இருவர். செப்பாங்குக்குப் போன அன்று மட்டும் 19 பேர். சந்தா மாதம் 20 வெள்ளி (ரிங்கிட்). ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 12 பேர். ரேடியேட்டர் என் கைக்காசு. ரசீது கோப்பில் இருக்கிறது, நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் கட்டாதவர்களே புலனத்தில் அதிகம் கேள்வி கேட்பது எனக்கு வருத்தம்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவை விடச் செலவு சற்றுக் கூடுதல். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், ஆகவே கையெழுத்துப் போடாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

கொட்டகை கொடுத்த தோட்ட நிர்வாகத்திற்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், உணவு ஏற்பாடு செய்த மகளிருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கிளட்ச் மாற்றியே ஆக வேண்டும். மூன்றாம் கியரில் பூஸ்ட் முழுதாக வரும்போது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. பாக்கிச் சந்தா வந்தால் கிளட்சும் வரும், பிரேக்கையும் பார்க்கலாம். வராவிட்டால் வண்டிக்குத் துணி போர்த்தி நிறுத்திவிடுவேன். அரைகுறைக் கிளட்சோடு யாரையும் ஓட்ட விடமாட்டேன். இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்வதானாலும் சரி, வேலை அட்டவணையை முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். கொட்டகைச் சாவி தலைவர் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திறப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்