அந்தப் பெண்ணின் கையில் பொத்தானைக் கொடுக்காதீர்கள்

கோவைக் கல்லூரிகளில் கணினி விளையாட்டு செய்யும் மாணவர்களுக்கு,

வணக்கமுங்க. அவிநாசிப் பக்கம் மில் விடுதிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பாடம் எடுக்கிறவள் நான். கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி இளம்பெண்களை மில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் சுமங்கலித் திட்டத்தை வைத்து உங்களில் சிலர் செய்துவரும் விளையாட்டைப் பார்த்தேன். மெஷின் இரைச்சல்கூட அச்சு அசல். ஆனால் ஆட்டத்தின் அமைப்பே தப்பு என்று படுகிறது.

அதில் விளையாடுகிறவர்தான் மில்லுக்குப் போகும் அந்தப் பெண். வீட்டுக்குப் புரோக்கர் வருகிறார். மூன்று வருசம் வேலை, முடிவில் மொத்தமாகப் பணம். போகலாமா, படிக்கலாமா? பொத்தானை அமுக்கு. காய்ச்சலோடு நைட் சிப்டுக்குப் போகலாமா, வார்டனிடம் லீவு கேட்கலாமா? அமுக்கு. சாமர்த்தியமாக அமுக்கினால் பணத்தோடு ஊர் திரும்பலாம். அப்படி ஆடி ஜெயித்தவன் என்ன நினைப்பான்? 'எனக்கு முடிஞ்சுதே, அந்தப் புள்ளைக்கு ஏன் முடியல?'

அமெரிக்காவில் இதே கதை நடந்திருக்கிறது. 2011-இல் 'ஸ்பென்ட்' என்று ஓர் இணைய விளையாட்டு வந்தது. கையில் 1,000 டாலர், அதில் ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும். ஏழைகள் மேல் பரிவு வரட்டும் என்றுதான் செய்தார்கள். ஜீனா ரூசோஸ், ஜான் டோவிடியோ என்ற உளவியலாளர்கள் அதை ஆடவிட்டுச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பரிவு கூடவில்லை. சிலரிடம் இருந்ததும் குறைந்தது. முடிவெடுப்பது தன் கையில் இருந்ததால், வறுமையும் அவரவர் கையில்தான் என்று தோன்றிவிட்டது.

விடுதிப் பிள்ளைக்கு கேட்டைத் தாண்டவே ஒருவர் அனுமதி வேண்டும். ஆகவே பொத்தான் நிஜத்தில் யார் கையில் இருக்கிறதோ, அவராக ஆடவையுங்கள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் புரோக்கர், ஆள் குறைந்தால் மெஷின் நிற்குமே என்று பதறும் சூப்பர்வைசர், கப்பல் தேதியைச் சொல்லி நெருக்கும், ஏற்றுமதி ஆர்டரைக் கவனிக்கிற திருப்பூர் மெர்ச்சண்டைசர். 2013-இல் லூகாஸ் போப் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' அப்படித்தான். எல்லைச் சாவடியில் முத்திரை குத்தும் அதிகாரி நாம்; எத்தனை பேரைச் சரிபார்த்தோமோ அவ்வளவு கூலி. இரக்கப்பட்டு ஆளை விட்டுக்கொண்டே போனால் கூலியில் பிடித்தம், வீட்டில் பட்டினி.

பெண்ணின் பக்கமும் வேண்டுமென்றால் நம்மூர் ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. தனி ஆடு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நகர்ந்தும் பயனில்லை. சேர்ந்து நின்று அடைத்தால்தான் புலி மடங்கும். ஆட்டைக் குறை சொல்லத் தோன்றாது, விதிதான் கண்ணில் படும். விடுதிக்குள் சங்கம் என்ற பேச்சே ஏன் ஆகாது என்பதும் விளங்கிவிடும்.

இன்னொன்று. 'விழிப்புணர்வு விளையாட்டு' என்று முகப்பில் போடாதீர்கள். மேரி ஃப்ளானகன், ஜெஃப் காஃப்மன் என்ற விளையாட்டு ஆய்வாளர்கள் சீட்டாட்டங்களை வைத்துச் சோதித்துச் சொன்னது இது: நோக்கத்தைப் பறைசாற்றாமல், சும்மா சிரிக்கவைக்கும் சீட்டுகளையும் கலந்து வைத்தால்தான் மனசு இளகுகிறது. (விழிப்புணர்வு என்றாலே எங்கள் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. அவர்களுக்கு அதில் கிடைத்ததெல்லாம் பேரணியும் பிஸ்கட்டும்.)

திருத்தி எழுதியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பிள்ளைகளிடமே ஆடக் கொடுங்கள். வரும்போது முதல் திரையில் அழுதுகொண்டு நிற்கும் அந்தப் பெண் படத்தை நீக்கிவிட்டு வாங்க. பார்த்தால் சிரிப்பார்கள்.