இயங்கலை நாடகத்தின் பின்னால் இருப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவிட்-19 பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது மேடையை இழந்த எங்கள் சுங்கை சிப்புட் வட்டார நாடகக் குழு ஒன்று, இன்றும் இயங்கலையிலேயே, அதாவது இணையவழியிலேயே, நாடகம் நடத்தி வருகிறது. லாப நோக்கமற்ற அக்குழுவைச் சம்பளமின்றி நடத்தும் மூவரைப் பற்றியே இக்கடிதம்.

தலைவர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நடிகர்கள் வெவ்வேறு வீடுகளில் இருக்க, இணைய ஒலி சற்றே தாமதித்து வருவதால் இருவர் சேர்ந்து பாட இயலாது. ஆகவே, மன்மதன் கதையைப் பாடி நடிக்கும் நாட்டுப்புறக் கலையான காமன் கூத்துப் பாணியிலமைந்த பாடல்களை ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடரும்படி அவர் வரிவரியாக மாற்றி எழுதுகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் மெட்டைக் கேட்டுச் சரிபார்த்த பின்னரே ஒத்திகை தொடங்கும். அந்தப் பொறுமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

செயலாளர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேற்பார்வையிடும் கங்காணி. பொருளாளரோ, 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்பும் பொறுப்பை, கடை வேலை முடிந்த இரவுகளில் தனியாகச் சுமக்கிறார்.

தோட்ட வீடுகளில் அலைவரிசை கிடைக்காமல் இளம் நடிகர்கள் சாலையோரக் கோயில் வாசலில் நின்று வசனம் பேசுகின்றனர். நல்ல இணைய வசதியுள்ள ஓர் அறையை வாரம் ஒருமுறை இவர்களுக்குத் தந்துதவுமாறு நம் ஆலய நிர்வாகங்களையும் பொது இயக்கங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.