நேத்து வந்த அந்த வீடியோ பத்தி

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி நம்ம க்ரூப்ல வந்த, குண்டு வச்சது இஸ்லாம்னு எழுதியிருந்த வீடியோவ நான்தான் டெலிட் பண்ணேன், கோவிச்சுக்காதீங்க. குண்டு வச்சவன நல்லா திட்டுங்க, யாரு வேணாம்னா, ஆனா ஐஎஸ்னு (அந்த தீவிரவாதக் கும்பல் பேர) எழுத வேண்டிய எடத்துல இஸ்லாம்னு எழுதுனா நம்ம பக்கத்து வீட்டு முஸ்லிம்களும் சேர்ந்துதான் அடி வாங்குறாங்க. 2018 மே மாசம் இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துல வெருலம் மசூதிக்குள்ள பூந்து கழுத்த அறுத்தாங்களே, செத்தவரே முஸ்லிம்தானே? 2019ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் மசூதிகள்ல 51 பேர சுட்டுக் கொன்னது ஒரு வெள்ளைக்காரன், அதுக்காக நாம எல்லா வெள்ளைக்காரங்களையும் திட்டலயே. 1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல்ல நம்மாளுங்களோட முஸ்லிம்களும்தான் கரும்புத் தோட்டத்துக்கு வந்தாங்க, டர்பன் ப்ரூக் ஸ்ட்ரீட்ல பாதுஷா பீர்ங்கிற முஸ்லிம் மகானோட தர்காவுக்கு எங்க ஆயா விபூதியோடவே போவாங்க (யாரும் ஒண்ணும் கேக்கல). இனி அந்த மாதிரி ஃபார்வர்டு வந்தா டெலிட்தான். காவடி பஸ் லிஸ்ட் ராத்திரி போடுறேன்.