போர்ச்சுகல் விசா: பழைய தொகையை எழுதி அனுப்பிய விண்ணப்பம் குறித்த புகார்

பெங்களூரு,
ஜூன் 2025.

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர் (போர்ச்சுகல் டி8 ஃபைல்),
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
விசா ஆலோசனை நிறுவனம்,
கோரமங்கலா, பெங்களூரு.

பொருள்: டிஜிட்டல் நோமாட் விசா விண்ணப்பத்தில் தங்கள் நிறுவனத்தின் சேவைக் குறைபாடு, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். போர்ச்சுகலின் டிஜிட்டல் நோமாட் விசாவான டி8க்கு (வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியாக வேலை செய்துகொண்டே அங்கே தங்குவதற்கான விசா) உங்கள் மூலம் நான் கொடுத்த விண்ணப்பம் ஏப்ரலில் நிராகரிக்கப்பட்டது. வருமானம் போதவில்லை என்பது காரணம். நிராகரித்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் போட்ட கணக்கு சரிதான். விண்ணப்பத்தைத் தயாரிக்க 1,29,800 ரூபாய் வாங்கிக்கொண்ட நீங்கள் அந்தக் கணக்கைப் போடவே இல்லை என்பதுதான் என் புகார். இதைத் தொலைபேசியில் பலமுறை சொல்லிவிட்டேன். "ஆபரேஷன்ஸ் டீம்ல கேட்டுச் சொல்றோம் மேடம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் எல்லாருமே என்னிடம் தமிழில்தான் பேசினார்கள், தமிழில் பேசித்தான் இந்த பேக்கேஜையும் விற்றார்கள். அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

2024 செப்டம்பரில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, தங்கள் ஆலோசகர் என் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க ப்ரொஃபைலுக்குப் போர்ச்சுகல் கண்ணை மூடிக்கிட்டு கிடைக்கும்" என்றார். (பணம் கட்டும்வரை அக்கா, கட்டிய பிறகு மேடம்.) அவர் அன்று சொன்ன விவரங்கள் சரியானவைதான், அதை மறுக்கவில்லை. 2022 அக்டோபர் கடைசியிலிருந்து போர்ச்சுகல் இந்த விசாவைக் கொடுக்கிறது, அந்த நாட்டுக்கு வெளியே இருக்கும் நிறுவனத்துக்கு வேலை செய்பவராக இருக்க வேண்டும், கடைசி மூன்று மாதச் சராசரி வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு இருக்க வேண்டும். 2024இல் குறைந்தபட்ச ஊதியம் 820 யூரோ. நான்கு மடங்கு என்றால் 3,280.

நான் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து டிசைன் வேலை செய்கிறேன். ஒப்பந்தப்படி மாதம் 3,05,000 ரூபாய் வருகிறது. அக்டோபரில் யூரோ 92 ரூபாய் இருந்தது. அப்படியானால் 3,315 யூரோ. தேறிவிடும், ஆனால் கொஞ்சம்தான் மிச்சம். அதனால்தான் சென்னையில் உள்ள இன்னொரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் வரும் 30,000 ரூபாய்க்கான ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். தங்கள் ஆலோசகர் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார். "ரெண்டு கான்ட்ராக்ட் இருந்தா குழப்பம் அக்கா, ஒண்ணே போதும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியதும் இருக்கிறது. அதன் படத்தை இணைத்திருக்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். வாடகை ஒப்பந்தம், 30,000 யூரோ காப்பீடு, போலீஸ் சான்றிதழ், போர்ச்சுகல் வரி எண் எல்லாம் அக்டோபருக்குள் சேர்ந்துவிட்டன. அன்றே கொடுத்திருக்கலாம். ஆனால் உங்கள் டாக்குமென்டேஷன் பிரிவிலிருந்து ஒரு செக்லிஸ்ட் வந்தது. பட்டச் சான்றிதழுக்கு அபோஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) கட்டாயம், அது இல்லாமல் ஃபைல் நகராது என்றார்கள். நான் படித்தது கோயம்புத்தூரில். எனவே அசல் சான்றிதழை முதலில் சென்னைக்கு அனுப்பித் தமிழ்நாடு அரசின் சான்றொப்பம் வாங்கி, அதன்பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் வாங்க வேண்டும். உங்கள் ஏஜென்ட் எடுத்துப் போனார். தீபாவளி போனது, கிறிஸ்துமஸ் போனது. சான்றிதழ் திரும்பி வந்தபோது பொங்கலே முடிந்திருந்தது. பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி, மூலையில் ஸ்டேப்ளர் ஓட்டைகளோடு வந்தது. அந்த ஓட்டைகளைப் பற்றித் தனியாக ஒன்றும் கேட்கப்போவதில்லை.

போர்ச்சுகலின் டி8 விசாவுக்குப் பட்டமே தேவையில்லை. பட்டம், அல்லது மூன்று வருட அனுபவம் கேட்பது ஸ்பெயின். 2023இல் வந்த அவர்களுடைய நோமாட் விசாவின் நிபந்தனை அது. நீங்கள் என் கையில் கொடுத்தது ஸ்பெயினின் செக்லிஸ்ட். மேலே போர்ச்சுகல் என்று மாற்றியிருக்கிறீர்கள், கீழே இருப்பதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. தேவையே இல்லாத அந்த ஒரு காகிதத்துக்காக, எல்லாம் தயாராக இருந்த ஃபைல் உங்கள் அலமாரியில் புத்தாண்டைத் தாண்டியது. அதற்கு 14,000 ரூபாய் கட்டணமும் வாங்கினீர்கள்.

புத்தாண்டைத் தாண்டியதில் என்ன நஷ்டம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். விசா ஆலோசனை செய்பவர் கேட்கக்கூடிய கேள்வியா அது? போர்ச்சுகலில் குறைந்தபட்ச ஊதியம் ஜனவரிக்கு ஜனவரி ஏறுகிறது. 2023இல் 760, 2024இல் 820, 2025இல் 870. இந்த 870 திடீரென்று வந்ததும் இல்லை. 2024 அக்டோபர் தொடக்கத்திலேயே அங்கே அரசும் முதலாளிகள், தொழிலாளர் அமைப்புகளும் பேசி முடித்துச் செய்தியில் வந்த தொகை, டிசம்பரில் அது சட்டமாகவே வெளியாகிவிட்டது. நான்கு மடங்கு 3,480. நீங்கள் என் விண்ணப்பத்தைக் கொடுத்தது பிப்ரவரியில். அப்போது யூரோ சுமார் 90 ரூபாய். என் 3,05,000 ரூபாய்க்குக் கிடைப்பது சுமார் 3,390 யூரோ. அக்டோபரில் தேறியிருக்க வேண்டிய ஃபைல் பிப்ரவரியில் தேறாது என்பது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். சென்னை ஒப்பந்தத்தைச் சேர்த்திருந்தால் 3,700ஐத் தாண்டியிருக்கும். அந்தக் காகிதம் அப்போதும் உங்கள் மேஜையில்தான் இருந்தது.

நிராகரிப்புக்குப் பிறகு முழு ஃபைலையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதற்கு முன் நீங்கள் எனக்கு அனுப்பியது கையெழுத்துப் பக்கங்களை மட்டும்தான். நீங்கள் தயாரித்த கவரிங் லெட்டரின் இரண்டாவது பத்தியில், தடித்த எழுத்தில், "விண்ணப்பதாரரின் வருமானம் தேவையான 3,280 யூரோவைவிட அதிகம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. 2025 பிப்ரவரியில், அந்த நாட்டின் அதிகாரியிடமே, அந்த நாட்டின் போன வருடத் தொகையைச் சொல்லியிருக்கிறீர்கள். வருமானம் குறைவு என்பதை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையைக்கூட வைக்கவில்லை. அதே கடிதத்தின் கடைசியில், நான் வலென்சியாவின் கடற்கரை வாழ்க்கையை அனுபவிக்க ஆவலாக இருப்பதாக எழுதியிருக்கிறது. வலென்சியா இருப்பது ஸ்பெயினில். நான் வீடு எடுத்தது போர்ச்சுகலின் பிராகா (Braga) நகரத்தில், அங்கே கடற்கரையே கிடையாது. கடிதம் முழுக்க என்னை ஆணாகவே குறிப்பிட்டிருக்கிறீர்கள். வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள் என்பது தெளிவு. அந்த மனிதருக்காவது வலென்சியா கிடைத்திருக்கட்டும்.

உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "விசா தருவது தூதரகத்தின் முடிவு, கட்டணம் திரும்பாது" என்கிறீர்கள். விசா கிடைத்தே தீரும் என்று யாராலும் உறுதி தர முடியாது என்பது எனக்கும் தெரியும், அதை நான் கேட்கவும் இல்லை. உங்கள் இன்வாய்ஸின் முதல் வரி "தகுதி மதிப்பீடு: 20,000 ரூபாய்". இரண்டாவது "ஆவணத் தயாரிப்பு: 60,000 ரூபாய்". இந்த இரண்டு வேலைகளும் தூதரகத்துடையவை அல்ல, உங்களுடையவை. தகுதி என்பது விண்ணப்பம் கொடுக்கும் நாளில் பார்க்க வேண்டியது. செப்டம்பரில் ஒருமுறை பார்த்துவிட்டு பிப்ரவரியில் கண்ணை மூடிக்கொண்டால் அதற்குப் பெயர் மதிப்பீடு இல்லை. ஆவணத்தில் வேறு நாட்டின் செக்லிஸ்ட்டும் வேறு ஆளின் கடிதமும் இருந்தால் அதற்குப் பெயர் தயாரிப்பும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது உங்கள் அலுவலகத்தில் எனக்கு "மாற்று வழி" சொன்னார்கள். தாய்லாந்துக்குச் சிறப்புத் தள்ளுபடி, ஐந்து வருட விசா என்றார்கள். விசாவின் காலம் ஐந்து வருடம்தான், ஆனால் ஒருமுறை நுழைந்தால் 180 நாளுக்குத்தான் அனுமதி, வங்கிக் கணக்கில் 5 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) காட்ட வேண்டும். இந்த இரண்டையும் நான் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார்கள். அதோடு ஜப்பானையும் நீட்டினார்கள். ஜப்பான் 2024 மார்ச் கடைசியில் தொடங்கிய நோமாட் விசாவுக்கு வருடம் 1 கோடி யென் வருமானம் வேண்டும், ஆறு மாதம்தான் தங்கலாம், நீட்டிக்க முடியாது. இதெல்லாம்கூட இருக்கட்டும். அந்த விசா சில குறிப்பிட்ட நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பெங்களூருவில் அலுவலகம் வைத்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களிடம், இந்தியர்கள் விண்ணப்பிக்கவே முடியாத ஒரு விசாவை விற்கிறீர்கள். உங்கள் வரவேற்பறையில் இருக்கும் பளபளப்பான புத்தகத்தில் ஃபுஜி மலைப் படத்தோடு அது இன்னமும் இருக்கிறது.

இனி நான் கேட்பது. நியாயமாக நடந்த வேலைக்கு நான் பணம் திருப்பிக் கேட்கவில்லை. வரி எண் எடுத்துக் கொடுத்தீர்கள், அதற்கான 12,000 ரூபாய் உங்களுக்குரியது. போலீஸ் சான்றிதழின் அபோஸ்டிலுக்கு வாங்கிய 4,000 ரூபாயையும் விட்டுவிடுகிறேன். அமைச்சகத்தின் கட்டணம் அதற்கு 50 ரூபாய்தான் என்றாலும், அலைச்சலுக்கு நீங்கள் கேட்டதை நான் ஒப்புக்கொண்டுதான் கொடுத்தேன். மற்றபடி தகுதி மதிப்பீடு, ஆவணத் தயாரிப்பு, தேவையில்லாத பட்டச் சான்றிதழ் அபோஸ்டில் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 94,000 ரூபாய், அதற்கு நான் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டி 16,920 ரூபாய், ஆக மொத்தம் 1,10,920 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் கூட்டாளி நிறுவனம் வழியாகப் பிராகா வீட்டுக்குக் கட்டிய 700 யூரோ முன்பணமும் போய்விட்டது. அக்டோபரில் விண்ணப்பித்திருந்தால் அது வீணாகியிருக்காது, எனவே அதையும் நீங்களே ஈடுகட்ட வேண்டும். என் வங்கி அறிக்கைகள், பாஸ்போர்ட் நகல்கள் உங்கள் கணினியில் இருப்பவற்றை அழித்துவிட்டு, அழித்ததாக எழுத்தில் தர வேண்டும். வலென்சியாக்காரரின் கடிதம் என்னிடம் வந்ததைப் போல என் காகிதங்கள் யாரிடம் போகுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணமும், எழுத்தில் பதிலும் வர வேண்டும். வராவிட்டால் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகப் புகார் பதிவு செய்வேன். 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் இதைப் பதிவு செய்துவிடுவேன். "மேனேஜர் லீவு" என்ற பதிலை இந்த முறை தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

பணத்தை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், வரவேற்பறைப் புத்தகத்திலிருந்து ஜப்பான் பக்கத்தை உடனே எடுத்துவிடுங்கள். நான் கடைசியாக அங்கே வந்தபோது ஒரு இளம் தம்பதி அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இணைப்பு: இன்வாய்ஸ் மற்றும் ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல், உங்கள் செக்லிஸ்ட், கவரிங் லெட்டர், நிராகரிப்புக் கடிதம், முன்பணம் கட்டிய வங்கிச் சான்று.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்